பையன் ஏறவில்லையா? பஸ்ஸர்பீட்டர் பயிற்சியில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இணையத்தில் கூடைப்பந்து அணி ஒன்றை நிர்வகிக்கும் விளையாட்டான பஸ்ஸர்பீட்டரில் 18 வயதுப் பையன் ஒருவனை நல்ல விலை கொடுத்து வாங்கி, வாரம் தவறாமல் பயிற்சி கொடுத்தும் அவன் அப்படியே நிற்கிறான் என்றால் முதல் பழி டிரெய்னர்மேல் விழும். அடுத்த பழி கேம் எஞ்சின்மேல். உண்மையில் குறை பெரும்பாலும் இரண்டே இடங்களில் ஒளிந்திருக்கும். ஒன்று நிமிடக் கணக்கு. மற்றொன்று, எந்தத் திறனை எதற்கு முன்னால் ஏற்றினீர்கள் என்ற வரிசை. முதலாவதை அடுத்த வாரமே சரிசெய்துவிடலாம். இரண்டாவது வெளியே தெரிவதற்குச் சில சீசன்கள் ஆகும், தெரியும்போது கை மீறிப் போயிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்குத்தான் இடம் அதிகம்.

திறன்களின் பெயர்களை விளையாட்டில் உள்ளபடியே எழுதுகிறேன். நிலைகளை எண்ணாகச் சொல்கிறேன்: மீடியோக்கர் 5, ஆவரேஜ் 6, ரெஸ்பெக்டபிள் 7, ஸ்ட்ராங் 8, இப்படியே போய் லெஜண்டரி 20.

அறிகுறி: வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது, ஒன்றும் ஏறவில்லை

பயிற்சிக் கணக்கு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை போடப்படுகிறது. அந்த வாரம் நீங்கள் தேர்ந்தெடுத்த பொசிஷனில் பையன் 48 நிமிடம் ஆடியிருந்தால் முழுப் பயிற்சி. குறைந்தால் அதற்கேற்பக் குறையும். 48-ஐத் தாண்டி ஆடினால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. இந்த விளையாட்டு என்பிஏ அளவில் 12 நிமிடக் குவார்ட்டர் நான்கு ஆடுகிறது. சர்வதேச ஆட்டங்களின் 40 நிமிட அளவு இங்கே இல்லை. ஆகவே ஒரு முழு ஆட்டம் ஒரே பொசிஷனில் ஆடினால் ஒரு பையனின் வாரக் கணக்கு முடிந்தது.

அறிக்கை ஏமாற்றினால் டிரெய்னரைத் திட்டுவதற்கு முன் அந்த வாரத்து பாக்ஸ் ஸ்கோர்களை, அதாவது ஆட்டத்தின் வீரர்வாரிப் புள்ளிவிவரங்களை, திறங்கள். மொத்த நிமிடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். பொசிஷன் வாரியாகப் பாருங்கள். 48 நிமிடம் களத்தில் நின்றிருப்பான், ஆனால் அதில் 31 நிமிடம் ஷூட்டிங் கார்டாகவும் 17 நிமிடம் பாயிண்ட் கார்டாகவும் பிரிந்திருக்கும். நீங்கள் பாயிண்ட் கார்டுக்குப் பயிற்சி வைத்திருந்தால் அவனுக்குக் கிடைத்தது அந்த 17 மட்டும்தான். ஒரே பையனை ஒரு பொசிஷனில் ஸ்டார்ட்டராகவும் இன்னொன்றில் பேக்கப்பாகவும் எழுதி வைத்தால் இப்படித்தான் சிதறும்.

தீர்வு சுலபம். பயிற்சி பெற வேண்டியவனின் பெயரை அந்த ஒரு பொசிஷனில் ஸ்டார்ட்டர், பேக்கப், ரிசர்வ் மூன்று கட்டத்திலும் போடுங்கள். வேறு எந்தப் பொசிஷனிலும் அவன் பெயர் இருக்கக் கூடாது. உட்கார வைத்தாலும் மாற்றாக வருவது அவனே என்பதால் ஆட்டம் முழுக்க நிற்பான். இதற்கு ஒரு விலை உண்டு: நான்காம் குவார்ட்டரில் சோர்ந்து போவான். பயிற்சி ஆட்டத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படிப் போட்டும் நிமிடம் குறைந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஃபவுல்கள் நிறைந்து வெளியேறியிருப்பான், அல்லது அடிபட்டிருப்பான். இரண்டையும் தடுக்க முடியாது, ஆனால் ஈடுகட்ட முடியும். பயிற்சிப் பையன்களில் யாருக்கு வாரத்தின் முதல் ஆட்டம், யாருக்குக் கடைசி ஆட்டம் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் ஒருவன் 33 நிமிடத்தில் வெளியேறினால் மீதி 15-ஐ அடுத்த ஆட்டத்தில் பேக்கப் கட்டத்தில் கொடுத்துவிடலாம். கடைசி ஆட்டத்தில் போனால் அந்த வாரம் போனதுதான்.

இன்னொன்று, மூன்றாவது ஆட்டம். லீக்கில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் தானாக வரும். கோப்பையில் இருக்கும்வரை மூன்றாவதும் தானாக வரும். தோற்று வெளியேறிய பிறகு நட்பு ஆட்டத்தை, அதாவது ஸ்க்ரிமேஜை, நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். புதியவர்கள் இதை மறந்துவிட்டு இரண்டு ஆட்டத்தோடு வாரத்தை ஓட்டுவது வழக்கம். ஒற்றைப் பொசிஷன் பயிற்சியில் மூன்று ஆட்டத்துக்கு மூன்று பையன். இரண்டே ஆட்டம் என்றால் ஒருவன் பட்டினி.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? அப்படியென்றால் ஒருவேளை பிழையே இல்லை. திறன்களுக்கு வெளியே தெரியாத பின்னப் பகுதி ஒன்று உண்டு. 7 என்று காட்டும் ஜம்ப் ஷாட் 7.1-ஆக இருக்கலாம், 7.9-ஆகவும் இருக்கலாம். அறிக்கையில் எண் மாறுவதைத்தான் 'பாப்' என்கிறோம். பாப் இல்லாத வாரத்திலும் உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். நாலைந்து வாரம் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

முதலில் எத்தனை பொசிஷனுக்குப் பயிற்சி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒற்றைப் பொசிஷன்தான் வேகம். இரண்டு பொசிஷன் என்றால் ஆறு பேர்வரை பயிற்றலாம், ஆனால் தலைக்குக் கிடைப்பது குறையும். மூன்று பொசிஷன் அதைவிட மெதுவு. அணி முழுவதற்கும் என்று வைத்தால் எல்லோருக்கும் ஒரு துளி. ஆறு பேரை மெதுவாக வளர்ப்பதைவிட மூன்று பேரை வேகமாக வளர்ப்பது நல்லது என்பது என் கட்சி. இளவயதில் கிடைக்கும் வேகம் பிறகு கிடைக்காது. ஆறு பேருக்குச் சம்பளமும் கொடுத்து, ஆறு பேரையும் ஆட வைத்து, லீக்கிலும் ஜெயிப்பது தொடக்க அணிகளால் ஆகிற காரியம் இல்லை. ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்து, பிறகு விற்றுக் காசாக்குவதுதான் நோக்கம் என்றால் மட்டும் இரண்டு பொசிஷன்.

அடுத்தது வயது. 18 வயதில்தான் பயிற்சி மிக வேகமாக ஏறும். ஒவ்வொரு வயதுக்கும் கொஞ்சம் குறையும். 23 வயதுக்காரனை வாங்கிவந்து 'டிரெய்னி' என்று பெயர் வைத்தால் அவன் 18 ஆகிவிட மாட்டான்.

டிரெய்னரின் தரம் மூன்றாவதுதான். 1 முதல் 7 வரை நிலைகள் உண்டு, உயர்ந்தால் வேகம் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரெய்னரின் சம்பளம் வாரா வாரம் ஏறிக்கொண்டே போகும். நடுத்தர நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு, சம்பளம் கையைக் கடிக்கத் தொடங்கியதும் அதே நிலையில் வேறொருவரை ஏலத்தில் எடுத்து மாற்றிவிடுவது புதிய அணிக்குப் போதும். 7-ஆம் நிலை டிரெய்னரை அமர்த்திவிட்டு, பயிற்றுவதற்கு நல்ல பையன் வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருக்கும் அணிகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

அறிகுறி: ஒன்றாக வாங்கிய இருவரில் ஒருவன் மட்டும் ஏறுகிறான்

ஒரே வயது, ஒரே பயிற்சி, ஒரே நிமிடம். ஒருவன் ரீபவுண்டிங்கில் அடுத்தடுத்து ஏற, இன்னொருவன் நகரவே இல்லை. உயரத்தைப் பாருங்கள். இன்சைடு ஷாட், இன்சைடு டிஃபென்ஸ், ரீபவுண்டிங், ஷாட் பிளாக்கிங் ஆகியவை உயரமானவர்களுக்கு வேகமாக ஏறும். ஹேண்ட்லிங், பாஸிங், டிரைவிங், அவுட்சைடு டிஃபென்ஸ் முதலிய வெளித் திறன்கள் குட்டையானவர்களுக்கு வேகமாக ஏறும். ஏழடிப் பையனுக்குப் பாஸிங் கற்றுக் கொடுப்பதும் ஆறடிப் பையனுக்கு ரீபவுண்டிங் கற்றுக் கொடுப்பதும் நடக்கும், ஆனால் பொறுமை வேண்டும். 6 அடி 6 அங்குலம் முதல் 6 அடி 8 அங்குலம்வரை உள்ளவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள். ஸ்மால் ஃபார்வர்டாக எல்லாத் திறனும் கலந்து வளர்க்க வசதியானவர்கள் இவர்களே.

உயரமும் ஒன்றே என்றால் அண்டைத் திறன்களைப் பாருங்கள். திறன்கள் தனித்தனியாக ஏறுவதில்லை. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஹேண்ட்லிங் 4-இல் கிடக்கும்போது டிரைவிங்கை 10-க்குத் தள்ளினால் தள்ளத் தள்ளக் கனக்கும். ஹேண்ட்லிங் 8-ஆக இருந்தால் அதே டிரைவிங் தானாக ஓடிவரும். ஜம்ப் ஷாட்டும், தூரத்திலிருந்து எறியும் திறனான ஜம்ப் ரேஞ்சும் அப்படித்தான். ஏறாதவனிடம் என்ன குறைகிறது என்று பார்த்து, சில வாரம் அந்தத் துணைத் திறனுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் விட்ட வாரங்களைப் பெருமளவு மீட்டுவிடலாம்.

இங்கே ஒரு கூடுதல் வசதி உண்டு. சில பயிற்சிகள் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். 'ஒன் ஆன் ஒன்' வைத்தால் டிரைவிங் முதன்மையாக ஏறும், ஹேண்ட்லிங்கும் கூடவே ஏறும். பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடும்: அவுட்சைடு டிஃபென்ஸ் ஏற வேண்டுமானால் தேர்ந்தெடுக்க வேண்டிய பயிற்சியின் பெயர் 'பிரஷர்'. 'அவுட்சைடு ஷூட்டிங்' ஏற்றுவது ஜம்ப் ரேஞ்சை. அதை ஜம்ப் ஷாட்டுக்கான பயிற்சி என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

அறிகுறி: டிஎம்ஐ சரிந்துவிட்டது, திறன் போய்விட்டதா?

போகவில்லை. டிஎம்ஐ, அதாவது வீரனின் மொத்தத் தரத்தைக் காட்டும் எண், திறனோடு சேர்த்துக் கேம் ஷேப்பையும் (அவனுடைய அப்போதைய உடல்தகுதி நிலையையும்) கணக்கில் எடுக்கிறது, அதுவும் தாராளமாக. கேம் ஷேப் ஒரு படி இறங்கினாலே டிஎம்ஐ தடாலென்று விழும், ஏறினால் அதே வேகத்தில் எழும். இரண்டு வாரத்து டிஎம்ஐகளை ஒப்பிட வேண்டுமென்றால் கேம் ஷேப் ஒன்றாக இருந்த வாரங்களாகப் பார்த்து எடுங்கள். அப்படி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பின்னப் பகுதியின் நகர்வைக்கூட ஓரளவு அனுமானிக்கலாம். மற்றபடி அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

கேம் ஷேப் ஏன் விழுந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்குச் சுமார் 50 முதல் 75 நிமிடம்வரை ஆடுபவனின் ஷேப் நன்றாக இருக்கும். இரண்டு முழு ஆட்டம் ஆடி 96 நிமிடத்தைத் தொட்டவனுக்கு இறங்கும். பத்து நிமிடம் மட்டும் ஆடுபவனுக்கும் இறங்கும். பயிற்சிக்கு 48 கிடைத்த பையனுக்கு இன்னொரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேக்கப்பாகக் கொடுத்தால் பயிற்சி, ஷேப் இரண்டும் நிறையும். ஷேப் கெடுவது பெரும்பாலும் பையன்களுக்கு அல்ல, அவர்களுக்கு இடம் விட்டுவிட்டு எஞ்சிய பொசிஷன்களில் மூன்று ஆட்டமும் ஓடும் மூத்தவர்களுக்கு. அந்த இடங்களுக்கு மலிவான மாற்று வீரர்கள் இரண்டு பேரை வாங்கிப் போடுங்கள். 'கேம் ஷேப்' என்றே ஒரு பயிற்சி வகை உண்டு. அதில் ஒரு வாரத்தைச் செலவழிப்பதைவிட நிமிடத்தைச் சரியாகப் பங்கிடுவது மலிவு.

அறிகுறி: இரண்டு மூன்று சீசன் பறந்தான், இப்போது சுவரில் முட்டி நிற்கிறான்

பலரும் விளையாட்டையே விட்டுவிடும் இடம் இது. பையனின் 'பொட்டென்ஷியல்', அதாவது அவனால் எவ்வளவு வளர முடியும் என்ற எல்லை, வந்துவிட்டது. அனவுன்ஸரில் தொடங்கி பெஞ்ச் வார்மர், ரோல் பிளேயர், சிக்ஸ்த் மேன், ஸ்டார்ட்டர், ஸ்டார், ஆல்ஸ்டார், பெரென்னியல் ஆல்ஸ்டார், சூப்பர்ஸ்டார், எம்விபி, ஹால் ஆஃப் ஃபேமர், ஆல்-டைம் கிரேட் என்று ஏணி போகும். அனவுன்ஸர் என்றால் பையன் களத்தைவிட மைக்குக்குப் பொருத்தமானவன் என்று பொருள். விளையாட்டை எழுதியவர்களுக்கு நக்கல் அதிகம்.

இது எல்லைதானா என்று உறுதிசெய்ய வேண்டும். நிமிடம் முழுமையாக இருக்க வேண்டும். அவனோடு பயிற்சி பெறும் மற்றவர்களுக்கு பாப் வந்துகொண்டிருக்க வேண்டும். பயிற்சி வகையை மாற்றியும் அவன் நகராமல் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் எல்லைதான். பயிற்சி அடியோடு நின்றுபோகாது, ஆனால் மிச்சம் இருப்பது சொட்டு அளவு. அதற்காக வாரம் 48 நிமிடத்தைச் செலவழிப்பது வீண். அவனை ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். பயிற்சி இடத்தை அடுத்தவனுக்குக் கொடுங்கள்.

ஆல்ஸ்டார் பொட்டென்ஷியல் உள்ள உங்கள் சென்டர் இப்படி நின்றுவிட்டான், பக்கத்து அணியில் அதே ஆல்ஸ்டார் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான் என்றால் காரணம் வரிசை. எல்லை எட்டிவிட்டதா என்று பார்க்கும் கணக்கு எல்லாத் திறனையும் சமமாக எடை போடுவதில்லை. பொசிஷனுக்கு முக்கியமான திறன்கள் நிறைய இடம் பிடிக்கும். துணைத் திறன்கள் கொஞ்சம்தான் பிடிக்கும். சென்டருக்கு இன்சைடு ஷாட், இன்சைடு டிஃபென்ஸ், ரீபவுண்டிங் மூன்றையும் முதலிலேயே உச்சத்துக்குக் கொண்டுபோனால் எல்லை அவற்றாலேயே நிறைந்துவிடும். பிறகு பாஸிங்கோ டிரைவிங்கோ கற்றுக் கொடுக்கலாம் என்று வந்தால் கதவு சாத்தியிருக்கும். அதே பையனுக்கு முதலில் ஹேண்ட்லிங், டிரைவிங், பாஸிங், கொஞ்சம் ஜம்ப் ஷாட் என்று கொடுத்துவிட்டுக் கடைசியில் உள் திறன்களை ஏற்றியிருந்தால், இறுதியில் மொத்தத் திறன் கணிசமாகக் கூடியிருக்கும்.

வரிசையை இப்படிப் போட இன்னொரு வலுவான காரணமும் உண்டு. உயரத்துக்கு ஒவ்வாத திறன் மெதுவாகத்தான் ஏறும் என்று பார்த்தோம். மெதுவாக ஏறுவதை வேகம் அதிகமுள்ள வயதில் முடித்துவிட வேண்டும். ஏழடிப் பையனுக்கு 18, 19 வயதில் வெளித் திறன். 22, 23 வயதில் ரீபவுண்டிங் கொடுத்தாலும் உயரத்தின் புண்ணியத்தில் ஏறிக்கொள்ளும். தலைகீழாகச் செய்தால் 23 வயது ஏழடிக்காரனுக்குப் பாஸிங் கற்றுக் கொடுத்துக்கொண்டு நரைத்துப் போவீர்கள். கார்டுகளுக்கும் இதே தர்க்கம்: குட்டைப் பையனுக்கு இன்சைடு ஷாட் வேண்டுமானால் முதல் சீசனிலேயே கொடுங்கள். டிரைவிங்கோடு அது சேரும்போது பலன் தெரியும். ஜம்ப் ஷாட், அவுட்சைடு டிஃபென்ஸ் எங்கும் ஓடிவிடாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. துணைத் திறன்களில் இரண்டு சீசன் செலவழித்த பையன் அதுவரை ஆட்டத்தில் உதவமாட்டான், சந்தையிலும் பார்வைக்கு எடுபடமாட்டான். ஒரே சீசனில் வாங்கி வளர்த்து விற்பவருக்கு முதன்மைத் திறனை முதலில் ஏற்றுவதுதான் லாபம், வாங்குகிறவர் தலையில் எல்லைப் பிரச்சினை விடியும். அணியிலேயே வைத்து ஆட்டப் போகிறவர்களுக்குத்தான் என் வரிசை. எந்த வழி என்பதைப் பையனை வாங்கும் அன்றே முடிவுசெய்துவிடுங்கள். நடுவில் மனம் மாறினால் இரண்டும் கெட்டானாகத்தான் முடியும்.

அறிகுறி: பையன் நன்றாக வளர்ந்தான், சம்பளம் அணியை விழுங்குகிறது

சம்பளம் சீசன் தொடக்கத்தில் ஒருமுறைதான் மறுகணக்குப் போடப்படும். சீசன் நடுவில் எவ்வளவு ஏறினாலும் பழைய சம்பளமே ஓடும். அதனால் 14 வாரம் எல்லாம் நன்றாகப் போவதுபோல இருக்கும். புதிய சீசனின் முதல் நாள் மொத்தமாக இடி விழும்.

இதிலும் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் சென்டர் வளர்ப்பவர்கள்தான். உள் திறன் மூன்றையும் மட்டும் ஏற்றிய சென்டரின் சம்பளம் செங்குத்தாக ஏறும். அதே அளவு மொத்தத் திறனைப் பரவலாக வைத்திருக்கும் ஸ்மால் ஃபார்வர்டு பாதி காசுக்கு ஆடிக்கொண்டிருப்பான். யானையைக் கட்டித் தீனி போடும் வசதி மேல் டிவிஷன் அணிகளுக்கு உண்டு. அரங்கமே இன்னும் கட்டி முடிக்காத அணிக்குக் கிடையாது. மறுபடியும் வரிசைதான்: துணைத் திறனுக்குச் சம்பளம் அதிகம் ஏறாது, ஆட்டத்தில் பலன் உண்டு.

இடி விழுந்துவிட்டதென்றால் உடனடி மருந்து விற்பனை ஒன்றே. விழப்போகிறது என்று சீசன் முடிவதற்குள் தெரிந்தால் அப்போதே பட்டியலிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் வரப்போகும் சம்பளத்தையும் கணக்குப் போட்டுத்தான் ஏலம் கேட்பார்கள், பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பயிற்சி கொடுத்தால் தோற்கிறேன், ஜெயித்தால் பயிற்சி இல்லை

இது பிழை அல்ல, விளையாட்டே இதுதான். ஸ்வீடனில் 1997-இல் தொடங்கிய ஹாட்ரிக் கால்பந்தை ஆடியவர்களுக்கு இந்த இழுபறி பழக்கமாகியிருக்கும். அங்கும் எந்த இடத்தில் ஆடுகிறானோ அதற்கேற்பத்தான் பயிற்சி. வலியைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது.

பாஸிங் பயிற்சி கார்டு இடங்களில்தான் நடக்கும். உங்கள் ஏழடிப் பையனுக்குப் பாஸிங் வேண்டுமென்றால் அவன் பாயிண்ட் கார்டாக நிற்க வேண்டும். பந்தைத் தொலைத்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு ஸ்க்ரிமேஜை ஒதுக்குங்கள், தோற்றாலும் ஒன்றும் போகாது. பொசிஷனுக்குப் பொருத்தமான இன்னொரு பையனுக்கு லீக்கின் இரண்டு ஆட்டங்களில் எளிதானதைக் கொடுங்கள். கடினமான ஆட்டத்துக்கு மூவரில் ஏற்கெனவே ஓரளவு தேறியவனை அனுப்புங்கள். ஒரே வாரத்தில் இரண்டு லீக் ஆட்டமும் கடினமென்றால் ஒன்றைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். இரண்டிலும் அரைகுறையாக நிமிடம் பிரித்து, பயிற்சியும் பாதி, வெற்றியும் இல்லை என்று நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எட்டு அணிகள் கொண்ட பிரிவின் கடைசி இடங்களில் கிடந்து, கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்து இருந்தால் பேச்சே வேறு. உயரத்துக்கு ஒவ்வாத பயிற்சியை நிறுத்திவிட்டு அவனவனை அவனவன் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சீசன் ரீபவுண்டிங் முன்னால் ஏறிவிட்டால் குடி முழுகிவிடாது.

அறிகுறி: டிராஃப்டில் (அணிகள் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில்) வந்தவனை வளர்க்கவா, விற்கவா என்று தெரியவில்லை

18 வயது, பொட்டென்ஷியல் பெரென்னியல் ஆல்ஸ்டார் அல்லது அதற்கு மேல், உயரம் உங்கள் பயிற்சிக்கு ஒத்துவருகிறது என்றால் வளருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள். நம் வீட்டுப் பையன் என்ற பாசத்தில் ஸ்டார்ட்டர் பொட்டென்ஷியல்காரனுக்கு இரண்டு சீசன் ஊற்றுவது வேண்டாம். 19 வயதில் வந்தவனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தொடக்கத் திறன் தூக்கலாக இருந்தால் ஒரு வயது பின்தங்கியதை அது ஈடுகட்டும்.

அறிகுறி: விற்கப் போட்டால் யாரும் கேட்கவில்லை

சீசன் மாறும் நாளில் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். முந்தைய வாரம் 19 என்று தேடியவர்களின் பட்டியலில் இருந்த பையன் மறுவாரம் அதில் இருக்கமாட்டான். விற்பதாக இருந்தால் வயது மாறுவதற்கு முன்னால் போடுங்கள். வாங்கிய சூட்டோடு விற்றால் விற்பனைத் தொகையில் உங்கள் பங்கு குறையும். கொஞ்ச காலம் அணியில் வைத்திருந்து விற்றால் கூடும். அடிக்கடி வாங்கி விற்றுக்கொண்டே இருந்தாலும் வெட்டு விழும். 21 வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கு ஆள் தேடும் நாட்டைச் சேர்ந்த பையன் என்றால் அந்த நாட்டு மேலாளர்கள் நல்ல விலை கேட்கக்கூடும். பட்டியலிடும் முன் அவன் எந்த நாட்டுக்காரன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முடியும் நேரத்தையும் கவனியுங்கள். ஐரோப்பா தூங்கும் நேரத்தில் ஏலம் முடிந்தால் ஏலம் கேட்பவர்கள் குறைவு. நமக்கு மாலை வசதி என்றால் அவர்களுக்கு மதியம், பரவாயில்லை. நமக்குக் காலை ஆறு மணி என்றால் அவர்களுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அறிகுறி: முதல் பாதியில் புலி, கடைசிக் குவார்ட்டரில் எலி

ஸ்டாமினா. அதற்கும் ஃப்ரீ த்ரோவுக்கும் பொசிஷன் கணக்கு இல்லை, பயிற்சி வைத்தால் அணி முழுவதற்கும் சேரும். பயிற்சிப் பையன்களின் நல்ல வாரம் ஒன்றை இதற்குத் தியாகம் செய்ய மனம் வராது, வரவும் வேண்டாம். இரண்டு பையன்கள் ஒரே வாரத்தில் அடிபட்டுப் படுத்திருக்கும்போது வையுங்கள். சீசன் முடிவில் ப்ளே ஆஃப் இல்லாமல் லீக் ஆட்டம் தீர்ந்து, ஸ்க்ரிமேஜும் அமையாத வாரத்தில் வையுங்கள். அந்த வாரம் முடிந்ததும் வெள்ளிக்கிழமையே பயிற்சியைப் பழையபடி மாற்றிவிடுங்கள். மறந்தால் அடுத்த வாரம் மூன்று பையன்கள் 48 நிமிடம் ஆடியதெல்லாம் மூச்சுப் பயிற்சியாகப் போகும்.